ஊரோடு ஒருசந்தி

விருந்தைப் புகழ்ந்து எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் பட்டினியைப் புகழப்போகிறேன், வாய் நிறைய. தனியாகக் கிடக்கும் பட்டினி எனக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. பத்து மணிக்குத் தலைவலி, பன்னிரண்டு மணிக்குக் கோபம், ஒரு மணிக்கு ஏதாவது ஒரு சாக்கு. நான் சொல்ல வந்தது வேறே. ஒரு தெருவுக்காரர்கள் ஒரே மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை செபித்து, சேர்ந்தே பசித்து, சேர்ந்தே கஞ்சி குடிக்கிற ஒருசந்தி. 2025 மார்ச் 14, தவக்காலத்து வெள்ளிக்கிழமை, காரைக்காலில் எங்கள் அன்பியத்தோடு அப்படி ஒரு நாள் இருந்தேன். அடடா! அதற்குப் பிறகு கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. "போதும்டி, அந்தக் கஞ்சிக் கதையை விடு" என்று வீட்டில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அன்பியம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஒரு பங்கு பெரிதாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசைக்காரர் யார், பின்வரிசைக்காரர் யார் என்றே தெரியாது. அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்துச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுக்கொள்வோம். டீயும் சுண்டலும் உண்டு. எங்கள் கூட்டத்தில் செபத்தைவிடச் சுண்டலுக்குக் கொஞ்சம் பேர் அதிகம் என்று பொறுப்பாளர் அக்கா வெளிப்படையாகவே சொல்வார். அந்தக் கூட்டம்தான் ஒருநாள் முழுக்கப் பட்டினி இருப்பது என்று முடிவெடுத்தது.

காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு கடலில் விழும் இடம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் திரும்பி வந்தது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், ஆட்சி புதுச்சேரி. கோயில் கணக்கிலும் அப்படியேதான். தெற்கே நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் தஞ்சை மறைமாவட்டம், நாங்கள் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம். ஊருக்குள் நிமிர்ந்து பார்த்தால் தேற்றரவு அன்னை ஆலயத்தின் கோபுரம். ஆனால் இந்த ஊரை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரரும் இல்லை, கோபுரமும் இல்லை. இது பட்டினியை மதிக்கத் தெரிந்த ஊர். சனிக்கிழமையானால் திருநள்ளாற்றுக்கு விரதம் இருந்து வருகிறவர்கள். ரம்சான் வந்தால் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்கு அண்டா ஏறும். ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிற அம்மையாரோ, பசியோடு வந்த அடியாருக்குக் கணவன் அனுப்பிய மாம்பழத்தை எடுத்துப் படைத்தவர். பிறகு எலும்பும் தோலுமான உருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். அந்த மாம்பழத்துக்கு இன்றைக்கும் ஆனி மாதத்தில் திருவிழா. இப்படி ஒரு ஊரில் "நான் இன்னைக்கு ஒருசந்தி" என்று சொன்னால் யாரும் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. டீக்கடைக்காரர்கூட "சரி, நாளைக்கு வாங்க" என்று அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விடுவார்.

2025-இல் இன்னொரு விசேஷம். ரம்சான் நோன்பு மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது. எங்கள் திருநீற்றுப் புதன், பாட்டி காலத்து விபூதிப் புதன், மார்ச் 5. ஆக அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் இரண்டு நோன்பு. விடியற்காலை சஹருக்குப் பாத்திரம் உருளும் சத்தத்தில் நான் எழுந்துகொள்வேன். எனக்கு அலாரமே தேவைப்படவில்லை.

சட்டம் என்று பார்த்தால் திருச்சபை எங்களிடம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். 1966-இல் ஆறாம் பவுல் திருத்தந்தை விதிகளைத் தளர்த்திய பிறகு, ஒருசந்தி கட்டாயம் என்பது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான். அதுவும் பதினெட்டு வயதிலிருந்து ஐம்பத்தொன்பது நிறையும்வரை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சம். மற்ற வெள்ளிகளில் சுத்தபோசனம், கறி தொடக்கூடாது. உரோமைச் சட்டப்படி மீன் சாப்பிடலாம், ஆனால் எங்கள் பக்கத்தில் மீனும் கவிச்சிதான், அதையும் தொடமாட்டோம். வவ்வாலும் வஞ்சிரமும் கரையிறங்குகிற ஊரில் இருந்துகொண்டு மீனைத் தவிர்ப்பதுதான் தவம் என்று என் மாமனார் சொல்வார். அதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

பழைய காலத்தில் இது இவ்வளவு லேசு இல்லை. நற்கருணை வாங்குகிற நாளில் நள்ளிரவு முதல் ஒரு பொட்டுத் தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது. 1953-இல்தான் தண்ணீர் குடித்தால் பரவாயில்லை என்று ஆனது. பிறகு மூன்று மணி நேரமாகி, 1964-இல் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. எங்கள் அன்பியத்தில் வயதில் மூத்த ஒரு பாட்டிக்கு இந்தத் தளர்வெல்லாம் பிடிக்கவே பிடிக்காது. "ஒரு மணி நேரம் சாப்பிடாம இருக்கறதுக்கு எதுக்குடி பேரு? அது ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல வர்ற இடைவேளை" என்பார்.

அந்த வெள்ளிக்கு எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரில் நடந்தவைதான் எங்களைக் கூட்டின. ஜனவரி 28 அதிகாலை நெடுந்தீவுப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை சுட்டதில், காரைக்காலிலிருந்து போன விசைப்படகில் இருந்தவர்களில் சிலர் காயப்பட்டார்கள். படகில் இருந்த 13 பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கிளிஞ்சல்மேட்டு மீனவக் கிராமத்துப் பக்கம் அந்த வாரம் எப்படி இருந்தது என்பதை இங்கே இருந்தவர்கள்தான் அறிவார்கள். எங்கள் மீனவக் கிராமத்துக்காரர்கள் பெரும்பாலும் இந்துக்கள். அதனால் என்ன? மீன்கூடைக்காரம்மா நம் வாசலில் உட்கார்ந்து அழுதால் அது நம் வீட்டு அழுகைதான். இன்னொரு பக்கம், பிரான்சிஸ் திருத்தந்தை பிப்ரவரி 14 முதல் உரோமையில் ஜெமெல்லி மருத்துவமனையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அவர் திருத்தந்தையாகிப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்தது முந்தின நாள், மார்ச் 13. இவற்றோடு பிள்ளைகளின் பரீட்சை, ஒரு வீட்டில் என்னவென்று வெளியே சொல்லாத நோய், ஒரு வீட்டில் வளைகுடாவிலிருந்து மூன்று மாதமாகப் பணம் வராத கவலை. செபிக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

காலை ஏழு மணிக்கெல்லாம் மாடி நிறைந்துவிட்டது. தகரக் கொட்டகை, கோரைப்பாய், ஒரு மேசை, அதன்மேல் ஊதாத் துணி, மரச்சிலுவை, பைபிள், ஒரு மெழுகுவர்த்தி. பூ வைக்கவில்லை, தவக்காலத்தில் பூ கிடையாது. பொறுப்பாளர் அக்கா வந்ததும் முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். "மணி பார்த்தா பசி வரும்." பிறகு ஒரு முறத்தை நீட்டி எல்லாருடைய போனையும் வாங்கிக்கொண்டார். பெரியவர்களுடையதும் உட்பட. ஒரு சர்க்கார் அதிகாரி கொஞ்சம் தயங்கினார், முறம் நகரவில்லை, போட்டுவிட்டார்.

இன்னொரு ஏற்பாட்டை நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். மாத்திரை போடுகிறவர்கள், சர்க்கரைக்காரர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள் எல்லாரும் சாப்பிட்டே ஆகவேண்டும், அதுவும் எங்கள் கண்முன்னாலேயே. ஒளிந்துகொண்டு சாப்பிடக்கூடாது. பதினோரு மணிக்கு நாலு பேருக்கு இட்லி வந்தது. பட்டினி இருக்கிறவர்களே எடுத்துப் பரிமாறினோம். "இன்னொண்ணு வைக்கட்டுமா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இட்லி வாசனையை மூக்கில் வாங்கிக்கொள்வது இருக்கிறதே, அது தனி ஆனந்தம். நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம். சாப்பிட்டவர்களுக்கும் கூச்சம் இல்லை, சாப்பிடாதவர்களுக்கும் மிடுக்கு இல்லை.

அந்த மிடுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திருநீற்றுப் புதன் பூசையில் இரண்டு வாசகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைப் பலரும் கவனித்திருப்பார்கள். யோவேல் இறைவாக்கினர் எக்காளம் ஊதி ஊரையே கூட்டச் சொல்கிறார். முதியோர், பால்குடிக் குழந்தை, மணப்பெண், மணமகன் ஒருவரும் பாக்கி இல்லாமல். கொஞ்ச நேரத்தில் மத்தேயு நற்செய்தி வருகிறது. அங்கே இயேசு, நோன்பிருந்தால் தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள், பிறத்தியாருக்குத் தெரியக்கூடாது என்கிறார். அதைக் கேட்டு முடிந்ததும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தெருவழியே வீட்டுக்கு வருகிறோம்! என்ன இது என்று எனக்குப் பல வருஷம் புரியவில்லை. அந்த மாடியில் புரிந்தது. தனியாகப் பட்டினி இருக்கும்போதுதான் முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளத் தோன்றும்; யாராவது கேட்கமாட்டார்களா, நாம் சொல்லமாட்டோமா என்று. எல்லாரும் பட்டினி இருக்கிற இடத்தில் நான் பட்டினி என்று யாரிடம் சொல்வது? முப்பது பேர் வயிறும் ஒரே நேரத்தில் கடமுடா என்கிறது. பெருமைக்கு அங்கே இடமே இல்லை. மத்தேயு சொன்ன மறைவு எனக்கு யோவேல் கூட்டிய கூட்டத்துக்குள்தான் கிடைத்தது.

திருச்சபைச் சட்டமும் இதைத்தான் மனதில் வைத்திருக்கிறது போலும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் தவ நாள்களைக் குறித்துக் கொடுப்பதற்குச் சொல்லியிருக்கும் காரணம், விசுவாசிகள் எல்லாரும் பொதுவான ஒரு தவ முயற்சியில் ஒன்றுசேர வேண்டும் என்பதுதான். அந்தியோக்கியா சபையும் சேர்ந்து நோன்பிருந்து செபித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பிவைத்தது. எஸ்தர் அரசி அரசனிடம் போகுமுன் சூசா நகரத்து யூதர்கள் அத்தனை பேரையும் மூன்று நாள் தன்னோடு பட்டினி இருக்கச் சொன்னாள். நினிவே கதை இன்னும் பிரமாதம், அங்கே ஆடுமாடுகளுக்குக்கூடத் தண்ணீர் காட்டவில்லை. இதை வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் ஒரு பொடியன் எழுந்து, "அப்ப நம்ம ஆட்டுக்குட்டிக்கு இன்னைக்குத் தழை போட்டாச்சே, பரவாயில்லையா?" என்று கேட்டான். பசி எல்லாம் பறந்துபோய் மாடியே சிரித்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் அந்த நினிவே நோன்பை இன்றைக்கும் ஆண்டுதோறும் மூன்று நாள் இருக்கிறார்கள். ஆடுமாடுகளை விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பகல் பொழுது எப்படிப் போனது? பத்து மணிக்குக் காப்பி ஞாபகம் வந்து நெற்றிப்பொட்டில் உட்கார்ந்தது. வழக்கமான தலைவலி வரப்போகிறது என்று பயந்தேன். அதற்குள் செபமாலை தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை, துயர மறையுண்மைகள். ஒரு பக்கம் பெண்கள் சொல்ல மறுபக்கம் ஆண்கள் முடிக்க, மணி மணியாக உருண்டு போகப் போகத் தலைவலி எங்கே போனதென்றே தெரியவில்லை. தேர் இழுக்கும்போது வடத்தில் நம் கை இருக்கும், பாரம் நம் தோளில் இருக்காது, அந்த மாதிரி. தூங்கி விழுந்தவர்களை யாரும் எழுப்பவில்லை. அவர்கள் பங்கு அருள்நிறை மந்திரத்தையும் சேர்த்து மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசலில் ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னார்கள். அதுவரை உரக்கப் போய்க்கொண்டிருந்த எங்கள் மன்றாட்டு தானாகத் தணிந்தது. பாங்கு முடியும்வரை மௌனம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, இந்த ஊரில் அது பழக்கம். அந்த மௌனத்தில்தான் அந்த நோய் வீட்டு அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். அதுவரை தன் மகனுக்குப் புற்றுநோய் என்றே யாரிடமும் சொல்லாதவர். வயிறு நிறைந்திருந்தால் அன்றைக்கும் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பசி மனிதர்களின் பூச்சையெல்லாம் கழுவிவிடுகிறது. பக்கத்தில் இருந்த இருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சுண்டல் கூட்டத்தில் இது நடந்ததே இல்லை.

மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை. கீழே இறங்கி வீதிக்கு வந்தோம். பதினான்கு நிலை, பதினான்கு வீட்டு வாசல். நிலைகள் பதினான்கு என்று உரோமை உறுதி செய்தது 1731-இல். பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கு வந்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து.  மார்ச் மாதத்துத் தார் ரோடு கொதித்தது. ஒவ்வொரு நிலையிலும் முழங்கால் போடவேண்டும். சாக்கு மடித்துக் கொண்டுவந்தவர்கள் தப்பித்தார்கள், நான் கொண்டுபோகவில்லை. ஐந்தாவது நிலையில், சீரேன் ஊர் சீமோன் சிலுவை சுமக்கக் கைகொடுக்கும் நிலையில், ஒரு காரியம் நடந்தது. மளிகைக் கடைக்காரர், நெற்றி நிறைய விபூதி, ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வெளியே வந்து நாங்கள் மண்டியிடப்போகிற இடத்தில் தண்ணீரை வீசி ஊற்றினார். ஆவி பறந்தது. "சூடு காலைப் பொசுக்கிடும், இப்ப போடுங்க" என்றார். ஊற்றிவிட்டு அடுத்த நிலை எங்கே என்று கேட்டு, பையனிடம் குடத்தைக் கொடுத்து அங்கேயும் அனுப்பினார். கடைசி நிலை வரைக்கும் அந்தப் பையன் எங்களுக்கு முன்னே முன்னே குடத்தோடு ஓடினான். சீமோனைப் பற்றி இதைவிட நல்ல பிரசங்கம் நான் கேட்டதில்லை!

அதே நாள்தான் கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழா தொடங்கியது. இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்தும் படகில் போனவர்கள் அந்தத் தீவில் சேர்ந்து சிலுவைப் பாதை நடப்பது வழக்கம். நெடுந்தீவு அங்கிருந்து அதிக தூரம் இல்லை. குண்டு பாய்ந்த அதே கடலில் இருநாட்டுச் சனமும் முழங்காலில் நிற்கிற நாளில், நாங்கள் இங்கே காயம்பட்டவர்களின் பெயரைச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தோம். நாளைக் குறித்தபோது எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. பொறுப்பாளர் அக்கா சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிற சபைக்காரர்களும் இந்த ருசியை அறிந்தவர்கள்தான். வடக்கே தரங்கம்பாடி, சீகன்பால்கு 1706 ஜூலை 9-ஆம் தேதி கரையிறங்கிய ஊர். அங்கே லுத்தரன் சபையில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவர்களுக்கு லெந்து காலத்தில் வீடு வீடாகக் கூட்டம், பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மும்மணித் தியானம். அந்த மும்மணி வழக்கம் பெரு நாட்டு லிமா நகரில் இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது என்று சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள். லுத்தர் கட்டாய நோன்பைச் சாடினார், ஆனால் நற்கருணைக்கு முன் நோன்பிருப்பது உடம்புக்கு நல்ல ஒழுக்கம் என்று விட்டுவைத்தார். சுவிட்சர்லாந்துக்காரர்கள்தான் வேடிக்கை: 1522-இல் தவக்காலத்தில் சூரிக் நகரத்தில் ஓர் அச்சுக்காரர் வீட்டில் சிலர் வெட்டவெளிச்சமாகக் கறித் தொத்திறைச்சி சாப்பிட்டதிலிருந்தே அங்கே சீர்திருத்தக் கலகம் சூடுபிடித்தது. பெந்தேகோஸ்தே சபைக்காரர்களின் உபவாசக் கூட்டத்துக்கும் நான் போயிருக்கிறேன். அந்த ஆவேசம் எனக்குப் பிடிக்கும், ஒலிபெருக்கி மட்டும் கொஞ்சம் காதைப் பதம் பார்க்கும். எந்தச் சபையானாலும் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு: பட்டினியைக் கடவுளிடம் அடகு வைக்கிற பேச்சு. இத்தனை நாள் உபவாசம் இருந்தால் விசா வரும், வரன் வரும் என்று சொல்லும்போது நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இப்போது கஞ்சி. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன். திருநீற்றுப் புதனிலிருந்து எங்கள் வீடுகளில் பிடியரிசி எடுத்துவைப்போம். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி தனி டப்பாவில். பெரும்பகுதி பெரிய வாரத்தில் இல்லாதவர்களுக்குப் போகும். அன்றைய கஞ்சிக்கு மட்டும் ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொண்டுவந்து ஒரே அண்டாவில் கொட்டினோம். ஒருவர் வீட்டுப் பொன்னி, ஒருவர் வீட்டு ரேஷன் அரிசி, நெடுங்காட்டில் நிலம் வைத்திருப்பவர் வீட்டுச் சொந்த நெல் அரிசி, பச்சரிசி, புழுங்கல், நொய் எல்லாம் ஒன்றாக. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதத்தில் வேகும். நொய் கரைந்து கூழாகிவிடும், பொன்னி மலர்ந்து நிற்கும், புழுங்கல் பல்லில் படும். சமையல் தெரிந்த எவரும் இப்படிக் கலக்கமாட்டார். ஆனால் அந்தக் கலவைக்கு வருகிற கொழகொழப்பும் கடிப்பும் வேறு எந்தக் கஞ்சிக்கும் வராது. கூடவே வறுக்காத பாசிப்பருப்பு, உரித்த பூண்டு கைநிறைய, கொஞ்சம் வெந்தயம். கடைசியில் தேங்காயின் இரண்டாம் பால், இறக்கியபின் முதல் பால், உப்பு. தாளிப்பு கிடையாது, தவக்காலம். தொட்டுக்கொள்ளத் தேங்காயும் சுட்ட வரமிளகாயும் புளியும் வைத்து அம்மியில் அரைத்த துவையல். கிளறுகிறவர்களும் பட்டினி, ருசி பார்க்க வழியில்லை, உப்பை வாசனையிலேயே கண்டுபிடித்தார் ஒரு சித்தி. கச்சிதம்!

பொழுது சாய்ந்து ஆறேகாலைத் தாண்டியது. கடிகாரம் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். எதிர்வீட்டு ராத்தாவும் அவர் மருமகளும், கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு. "பாங்கு சொல்லப் போறாங்க, நீங்களும் இப்பதானே தொறப்பீங்க? நோன்புக் கஞ்சி கொண்டாந்தேன்" என்றார். யாரும் பதில் சொல்லுமுன் அவரே, "வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கறி ஆகாதுன்னு தெரியும். கைமா போடாம இதைத் தனியா எங்க வீட்டிலயே காய்ச்சினேன்" என்றார். முப்பது பேருக்குத் தனியாகக் காய்ச்சியிருக்கிறார், அவரும் நோன்போடு! பொறுப்பாளர் அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. "உக்காருங்க ராத்தா, இங்கேயே தொறங்க" என்று ஒரு பாயைத் தட்டிப் போட்டார். பேரீச்சம்பழம் ஒரு சுற்று வந்தது. பாங்கு ஒலித்தது. எங்கள் சாப்பாட்டுச் செபமும் அவர்கள் துவாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தன. எங்கள் கஞ்சியில் ஓர் அகப்பை அவர்களுக்கு, அவர்கள் கஞ்சியில் ஓர் அகப்பை எங்களுக்கு. பட்டை, கிராம்பு, புதினா வாசனை ஒரு பக்கம், தேங்காய்ப்பால் வாசனை ஒரு பக்கம். எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். துவையலுக்கு எங்கள் கட்சி ஜெயித்தது, ராத்தாவே ஒப்புக்கொண்டார்.

இதன் பலன் என்ன என்று கேட்கிற ஒரு சொந்தக்காரர் எனக்கு இருக்கிறார். அன்றைய சமையல் செலவை ஒவ்வொரு வீடும் உறையில் போட்டுக் கொடுத்தது, அது ஒரு வீட்டு மருத்துவச் செலவுக்குப் போனது. ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் கடவுள் விரும்பும் நோன்பு பசித்தவனோடு உணவைப் பகிர்வது என்று வருகிறதே, அந்தக் கணக்கில் அவருக்கு அதைச் சொன்னேன். பிரான்சிஸ் திருத்தந்தை மார்ச் 23 அன்று மருத்துவமனையை விட்டு வந்தார். ஈஸ்டர் ஞாயிறன்று மக்களுக்கு ஆசீர் கொடுத்து, மறுநாள் ஏப்ரல் 21 காலையில் போய்ச் சேர்ந்தார். அழுதோம். ஆனால் பட்டினி வீணாயிற்று என்று எங்கள் மாடியில் யாரும் பேசவில்லை.

அவருக்குப் பின் வந்த லியோ திருத்தந்தை ஆகஸ்ட் 22-ஆம் தேதியை உலக அமைதிக்காக நோன்பு, செப நாளாக இருக்கச் சொன்னார். அதுவும் வெள்ளிக்கிழமை. அறிவிப்பு வந்தது இரண்டு நாளுக்கு முன்னால்தான். எங்கள் தெருவில் ஒரு போன்கூடப் போகவில்லை. கோரைப்பாய்கள் தாமாகவே மாடி ஏறிவிட்டன. உக்ரைனுக்காகவும் காசாவுக்காகவும் உலகம் முழுக்க எத்தனையோ கோடிப் பேர் அன்றைக்குப் பசித்திருப்பார்கள், நாங்களும் அந்த வரிசையில் ஒரு மூலையில் இருந்தோம் என்று நினைத்தால் நெஞ்சு விம்முகிறது.

2026-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. ரம்சானும் ஏறக்குறைய அதே வாரம் பிறக்கும். எங்கள் அன்பியத்தில் இப்போதே பேச்சு தொடங்கிவிட்டது. ராத்தா இந்த முறை துவையலை அவர் வீட்டில்தான் அரைப்பதாகச் சவால் விட்டிருக்கிறார். எந்தச் சபையானாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும், பக்கத்து ஊர்க்காரர்கள் தாராளமாக வரலாம். முந்தின நாளே காப்பியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், தலைவலி கட்டுப்படும். சிலுவைப் பாதைக்கு ஒரு சாக்கு மடித்து எடுத்து வாருங்கள். வீட்டு அரிசியில் இரண்டு பிடி, எந்த அரிசியாக இருந்தாலும் சரி. போனை முறத்தில் போடச் சம்மதமில்லாதவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம், அக்காவிடம் பேரம் நடக்காது. கிண்ணம் நாங்கள் தருவோம். கரண்டி மட்டும் அவரவர் கொண்டுவரவேண்டும். போன தடவை கரண்டி பற்றாமல் பாதிப் பேர் கஞ்சியைச் சாய்த்துத்தான் குடித்தோம்.